குனியத் தெரிந்த உயரக்காரர்கள்

2010 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் எமிட் ஸ்மித் மேடையேறினார். அமெரிக்கக் கால்பந்தின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனும் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்க்கும் விழா அது. பந்தைச் சுமந்து ஓடியே 18,355 யார்டு கடந்தவர் ஸ்மித். அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டாரில் ஜான்ஸ்டனைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர் குரல் தழுதழுத்தது. கண்ணீரை அடக்கிக்கொண்டுதான் மேலே பேச முடிந்தது. டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் ஸ்மித்துக்கு முன்னால் ஓடி, எதிரே வருபவர்களை மோதித் தள்ளி, வழி திறந்து கொடுத்தவர் ஜான்ஸ்டன். அவர் ஆடிய இடத்துக்குப் பெயர் ஃபுல்பேக்.

ஜான்ஸ்டனின் உயரம் 6 அடி 2 அங்குலம். எடை சுமார் 110 கிலோ. சராசரி அமெரிக்க ஆணின் உயரம் 5 அடி 9 அங்குலம்தான் என்பதால், தெருவில் நடந்துபோனால் அவர் நெட்டையர். ஆனால் ஃபுல்பேக் என்றதும் அமெரிக்கப் பயிற்சியாளர்களின் மனத்தில் எழும் உருவம் வேறு. 6 அடிக்குச் சற்று முன்னே பின்னே உயரம், தடித்த தொடை, கழுத்தே இல்லாததுபோல் தோளோடு ஒட்டிய தலை. ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்த மாணவன் ஒருவன் பள்ளி அணிக்கு வந்து ஃபுல்பேக் ஆட ஆசைப்பட்டால், அவனை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதே வழக்கம்.

உயரம் உண்மையிலேயே இந்த இடத்துக்குத் தடையா? ஆட்டத்தின் வரலாறு தரும் பதில், பயிற்சியாளர்களின் வழக்கத்தோடு முழுதாக ஒத்துப்போகவில்லை.

நான்கு யார்டு ஓட்டம்

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்குச் சிறு அறிமுகம் தேவை. பக்கத்துக்கு 11 பேர். கோட்டிலிருந்து கோட்டுக்கு 100 யார்டு நீளமுள்ள களம். ஒரு யார்டு என்பது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். முன்னேறுவதற்கு இரண்டு வழிகள்: பந்தை எறிந்து பிடிப்பது, அல்லது கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது. எறிபவர் குவாட்டர்பேக். ஓடுபவர் ரன்னிங்பேக். ஓடுபவருக்கு முன்னால் போய் மோதுபவர் ஃபுல்பேக்.

‘ஐ’ அணிவகுப்பு என்று ஒன்று உண்டு. குவாட்டர்பேக், ஃபுல்பேக், ரன்னிங்பேக் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே நேர்கோட்டில் நிற்பார்கள். 1950ஐ ஒட்டி வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் டாம் நியூஜென்ட் இதை ஆட வைத்தார். 1960களில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்கே இதைப் பிரபலமாக்கினார். இதில் ஃபுல்பேக், பந்து வைக்கப்படும் கோட்டுக்கு நான்கு யார்டு பின்னால் கையைத் தரையில் ஊன்றிக் காத்திருப்பார். பந்து அசைந்ததும் பாய வேண்டும். முன்வரிசைத் தடியர்கள் இருவர் இடையே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறக்கும் இடைவெளி, ஒரு நொடிக்குமேல் நிலைக்காது. அதற்குள் புகுந்து, மறுபக்கத்திலிருந்து ஓடிவரும் எதிரணித் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கரை நேருக்கு நேர் மோதி நகர்த்த வேண்டும். பின்னால் வருபவர் அந்தத் தடத்தில் போய்விடுவார். யார்டு கணக்கு அவர் பெயரில் ஏறும். மோதியவர் பெயரில் எதுவும் ஏறாது.

இந்த மோதலில்தான் உயரம் சிக்கலாகிறது. பழுதாகி நின்ற வண்டியைத் தள்ளுபவர் யாரும் நிமிர்ந்து நின்று தள்ளுவதில்லை. இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, காலால் தரையை உதைத்துத்தான் தள்ளுகிறார். ஃபுல்பேக்கின் வேலையும் அதுதான். என்ன, இங்கே வண்டி எதிர்த்து ஓடிவருகிறது. இரண்டு பேர் மோதும்போது யாருடைய தோள் தாழ இருக்கிறதோ, அவர் கொடுக்கும் விசையில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போகிறது. மற்றவரின் பாதம் தரையில் பதியும் அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. பிடிப்பு போனபின் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பின்னால் நகர வேண்டியதுதான். தோள் இருக்கும் இந்த மட்டத்தைப் பயிற்சியாளர்கள் ‘பேட் லெவல்’ என்பார்கள். மைதானத்தில் அதிகம் கத்திச் சொல்லப்படும் சொற்களில் இதுவும் ஒன்று.

5 அடி 11 அங்குல ஆளுக்கு அந்த மட்டம் ஏறக்குறைய பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. 6 அடி 4 அங்குல ஆள் அதே மட்டத்துக்கு வர முழங்காலையும் இடுப்பையும் இன்னும் ஆழமாக மடக்க வேண்டும். அப்படி மடங்கிய நிலையிலிருந்து வேகமெடுப்பது கடினம். நீண்ட கால்களுக்கு முழு வேகம் பிடிக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். இங்கே இருப்பதோ நான்கு யார்டு. களைப்பு ஏறும் கடைசிக் காற்பகுதியில் உடல் தானாக நிமிரத் தொடங்கும். நிமிர்ந்தவரின் மார்பு எதிராளிக்குத் திறந்து கிடக்கும்.

குட்டையானவர்களின் பக்கம் பேச லொரென்ஸோ நீல் ஒருவரே போதும். 5 அடி 11 அங்குலம், சுமார் 116 கிலோ. பள்ளியிலும் கல்லூரியிலும் மல்யுத்தம் செய்தவர். தாழ்ந்து பிடிப்பது அவருக்குப் பழகிப்போன கலை. 1993 முதல் 2008 வரை ஆடிய இவர், 1997இலிருந்து 2007வரை தொடர்ந்து 11 பருவங்களில் தன் பின்னால் வந்த ரன்னிங்பேக் ஒருவரை 1,000 யார்டு கடக்க வைத்தார். அணிகள் மாறின, பின்னால் ஓடியவர்களும் மாறினார்கள். நீலின் முதுகு மட்டும் மாறவில்லை. 2006இல் சான் டியேகோ அணியில் லடேனியன் டாம்லின்சன் ஒரே பருவத்தில் 31 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) போட்டுச் சாதனை படைத்தபோதும் முன்னால் ஓடியவர் நீல்தான்.

பந்து கையில் இருந்த காலம்

ஃபுல்பேக் என்றால் முட்டித் தள்ளுபவர் என்ற எண்ணம் அவ்வளவு பழையதல்ல. அதற்கு முன்பு அணியின் முதன்மை ஓட்டக்காரரே ஃபுல்பேக்தான். அந்தக் காலத்தில் உயரம் யாருக்கும் உறுத்தவில்லை.

1930களில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு ஆடிய பிராங்கோ நகுர்ஸ்கி 6 அடி 2 அங்குலம், 102 கிலோ. அன்றைய முன்வரிசை ஆட்கள் பலரைவிடப் பெரியவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபுல்பேக்காகவும் முன்வரிசையில் டேக்கிளாகவும் மாறி மாறி ஆடினார். 1963இல் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பெற்றார். 1946இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியில் நிறத்தடையை உடைத்து நுழைந்த கறுப்பின வீரர்களில் ஒருவரான மரியன் மோட்லி 6 அடி 1 அங்குலம், 105 கிலோ. ஓடவும் செய்வார், குவாட்டர்பேக்கைக் காக்கவும் செய்வார்.

பிறகு அதே கிளீவ்லாண்டுக்கு வந்தார் ஜிம் பிரவுன். 6 அடி 2 அங்குலம், 105 கிலோ. 1957 முதல் 1965 வரை 9 பருவங்களே ஆடினார். அவற்றில் 8 பருவங்களில், தொழில்முறை அணிகள் ஆடும் லீக்கிலேயே அதிக யார்டு அவருடையது. மொத்தம் 12,312 யார்டு, ஓட்டம் ஒன்றுக்குச் சராசரி 5.2. அவர் 30 வயதில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பின் நடுவே ஓய்வை அறிவித்தார். அவர் விட்டுச்சென்ற மொத்த யார்டு சாதனையை வால்டர் பேட்டன் 1984இல்தான் தாண்டினார். கழக ஆவணங்களில் பிரவுனின் இடம் ஃபுல்பேக் என்றே இருக்கிறது. ஆனால் அவர் வேலை ஓடுவது. பிறருக்காக மோதுவதில் அவர் அக்கறை காட்டியதாக யாரும் சொல்வதில்லை.

பிரவுன் படித்தது நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம். லாரி சாங்காவும் அங்கிருந்துதான் வந்தார். பின்னாளில் டாரில் ஜான்ஸ்டனும் அங்கிருந்தே வந்தார். மூவருமே 6 அடி 2 அங்குலத்துக்குக் குறையாதவர்கள்.

சாங்கா 6 அடி 3 அங்குலம், சுமார் 107 கிலோ. 1972இல் 17 ஆட்டங்களிலும் வென்று, ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் பெற்ற மயாமி டால்ஃபின்ஸ் அணியின் ஃபுல்பேக். அந்தப் பருவத்தில் அவர் 1,117 யார்டு. கூட்டாளி மெர்க்குரி மோரிஸ் சரியாக 1,000. ஒரே அணியில் இருவர் 1,000 தொட்டது அதுவே முதல் தடவை. 1974 ஜனவரியில் நடந்த 8ஆவது சூப்பர் பவுலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) சாங்கா 33 முறை பந்தை வாங்கி 145 யார்டு ஓடி ஆட்ட நாயகனானார். பஃபலோ அணியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில், தன்னைப் பிடிக்க வந்தவரை முன்கையால் அடித்ததற்காகப் பந்து வைத்திருந்த அவருக்கே முரட்டாட்டத் தண்டனை விழுந்தது.

பிட்ஸ்பர்க்கின் ஃப்ராங்கோ ஹாரிஸ், வாஷிங்டனின் ஜான் ரிகின்ஸ் இருவரும் 6 அடி 2 அங்குலம், 104 கிலோ அளவில் இருந்தவர்கள். 1972 டிசம்பர் 23 அன்று தெறித்து விழுந்த பந்தைக் காலணி மட்டத்தில் குனிந்து அள்ளிக்கொண்டு ஹாரிஸ் ஓடிய ஓட்டம், அமெரிக்கக் கால்பந்தில் மிக அதிகம் பேசப்பட்ட காட்சி. அந்த ஆட்டத்தருணத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை குவாட்டர்பேக்கைக் காப்பதுதான். ரிகின்ஸின் பெருநாள் 1983 ஜனவரி 30: மயாமியோடு நடந்த சூப்பர் பவுல், கடைசிக் காற்பகுதி, வாஷிங்டன் 13-17 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவது வாய்ப்பு, தேவை ஒரு யார்டு. பந்தை வாங்கிய ரிகின்ஸின் சட்டையை மயாமி வீரர் டான் மெக்நீல் பற்றினார்; பிடி நழுவியது. ரிகின்ஸ் 43 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். வாஷிங்டன் 27-17 என வென்றது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒருவர் சாம் கன்னிங்ஹாம். 6 அடி 3 அங்குலம். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மெக்கேயின் ‘ஐ’ அணிவகுப்பில் ஃபுல்பேக். 1970இல், கறுப்பின வீரர் ஒருவர்கூடக் களமிறங்காத அலபாமா அணியை அவர்கள் ஊரிலேயே எதிர்கொண்டு 135 யார்டு ஓடி, 2 டச்டவுன் போட்டார். கல்லூரி அணிகளுக்கான 1973 ரோஸ் பவுல் ஆட்டத்தில் கோட்டருகே குவிந்து கிடந்த ஆட்களுக்கு மேலே பாய்ந்து பாய்ந்து 4 டச்டவுன் போட்டு ஆட்ட நாயகன் விருது பெற்றார். உயரம் நேரடியாகப் பயன்பட்ட இடம் இது: குவியலுக்குள் புகுவதற்குப் பதிலாகக் குவியலைத் தாண்டுவது. 1978இல் அவர் ஃபுல்பேக்காக ஆடிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ஒரே பருவத்தில் ஓட்டத்தில் மட்டும் 3,165 யார்டு எடுத்தது. அணிச் சாதனையாக அது 41 ஆண்டு நின்றது.

ஆனால் அதற்குள் வேலை மாறிக்கொண்டிருந்தது. ‘ஐ’ அணிவகுப்பு பரவப் பரவப் பந்து பின்னால் நிற்பவருக்குப் போனது. முன்னால் நிற்பவருக்கு மோதல் மிச்சமானது. ஓடுவதற்குத் தேவைப்பட்ட உயரமும் நீண்ட காலும் இப்போது பின்னால் நிற்பவரின் சொத்து. 6 அடி 3 அங்குல எரிக் டிக்கர்சன் 1984இல் 2,105 யார்டு ஓடினார். 6 அடி 3 அங்குல டெரிக் ஹென்றி 2020இல் 2,027 யார்டு ஓடினார். ஐம்பது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் ஹென்றியின் உடம்பைப் பார்த்து யாரும் தயங்காமல் ஃபுல்பேக் என்று எழுதியிருப்பார்கள். 1993இல்தான், லீக்கின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலில் ஃபுல்பேக்குக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. முதலில் தேர்வானவர் ஜான்ஸ்டன். மோதுபவருக்கென்று கிடைத்த முதல் மரியாதை.

சந்தை எங்கே இழுக்கிறது

உயரமான ஃபுல்பேக்குகள் அருகிப்போனதற்கு உடலியல் காரணத்தைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது: பணம்.

6 அடி 4 அங்குலம், 113 கிலோ, நல்ல வேகம் கொண்ட இளைஞன் ஒருவன் கிடைத்தால் எல்லாப் பயிற்சியாளர்களும் கை நீட்டுவார்கள். டைட் எண்ட் இடத்தில் நிறுத்தலாம். முன்வரிசையின் ஓரத்தில் நின்று மோதவும் வேண்டும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும் என்ற இடம் அது. உயரமான ஆள் எம்பிப் பிடித்தால் தடுப்பது கடினம். அல்லது எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் டிஃபென்சிவ் எண்ட் ஆக்கலாம்; நீண்ட கை அங்கே பெரிய ஆயுதம். ஃபுல்பேக் என்ற எண்ணம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வரும், வந்தால்.

சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியில் இந்தக் கணக்கை அருகருகே பார்க்கலாம். கைல் யூஸ்செக் 6 அடி 1 அங்குலம், ஹார்வர்டில் படித்தவர், இன்றைய ஃபுல்பேக்குகளில் மிகவும் பேர் பெற்றவர். 2017இல் அந்த அணி அவரோடு 4 ஆண்டுக்கு 2.1 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த இடத்துக்கு அது பிரமிப்பூட்டும் தொகை. அவரது அணித்தோழர் ஜார்ஜ் கிட்டில் டைட் எண்ட். 6 அடி 4 அங்குலம். அவரும் மோதுவதில் பெயர்பெற்றவர். 2020இல் அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 7.5 கோடி டாலர். மூன்று அங்குலமும் சில அடி தள்ளி நிற்கும் இடமும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் வித்தியாசம் செய்கின்றன. இதைத் தெரிந்துவைத்திருக்கும் உயரமான இளைஞன் ஃபுல்பேக் ஆக ஏன் விரும்புவான்?

புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டிலும் இதே கதை. பிரவுன், சாங்கா, ரிகின்ஸ், ஹாரிஸ் நால்வரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். யூஸ்செக் எடுக்கப்பட்டது நான்காம் சுற்றில். கீழே வரப்போகும் இன்றைய உயரக்காரர்களில் பலரை எந்த அணியும் எந்தச் சுற்றிலும் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, மூன்று நான்கு பந்து பிடிப்பவர்களைப் பரப்பி நிறுத்தி எறிந்தே ஆடும் பாணி வந்தபின், பல அணிகள் ஃபுல்பேக் என்று ஒருவரை வைத்துக்கொள்வதே இல்லை.

6 அடி 3 அங்குலக்காரர்கள்

இத்தனைக்கும் நடுவே வந்து ஜெயித்த உயரக்காரர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் வேறு இடத்திலிருந்து வழிதவறி வந்தவர்கள்.

ஜேம்ஸ் டெவ்லின், 6 அடி 3 அங்குலம், சுமார் 115 கிலோ. பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தபடி டிஃபென்சிவ் எண்டாக ஆடினார். டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. உள்ளரங்கில் ஆடும் அரீனா கால்பந்துக்குப் போனார். சிறு லீக்குகளில் அலைந்தார். கடைசியில் 2012இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். மூன்று சூப்பர் பவுல் பட்டங்களில் அவருக்குப் பங்கு உண்டு. 2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியோடு நடந்த இறுதி ஆட்டம் கடைசிக் காற்பகுதிவரை 3-3 என்று நின்றது. அப்போது பேட்ரியட்ஸ் டெவ்லினையும் இரண்டு டைட் எண்டுகளையும் சேர்த்துக் களமிறக்கியது. ஓடத்தான் போகிறார்கள் என்று ராம்ஸ் கனமான ஆட்களை உள்ளே அனுப்பியது. ஆனால் குவாட்டர்பேக் டாம் பிரேடி பந்தை எறிந்து எறிந்து முன்னேறினார். கோட்டருகே வந்தபின் சோனி மிஷெல் ஓடிப் போட்டதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுன்.

டெவ்லின் கழுத்துக் காயத்தால் 2020இல் விலக, அந்த இடத்துக்கு வந்தவரும் 6 அடி 3 அங்குலம்தான். ஜேக்கப் ஜான்சன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்காரர். டென்னசி பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பியவரை, வெளிநாட்டு வீரர்களுக்கான லீக்கின் திட்டம் மறுபடி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு மாறினார். 2022இல் அங்கே அவர் முன்னால் ஓட, ஜோஷ் ஜேக்கப்ஸ் 1,653 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் மேடிசன் ஹெட்ஜ்காக்கும் 6 அடி 3 அங்குலம். எடை 120 கிலோ. அவருக்குப் பின்னால் ஓடிய பிரண்டன் ஜேக்கப்ஸ் அவரைவிடவும் ஓர் அங்குலம் உயரம். 2008இல் அந்த அணி ஓட்டத்தில் லீக்கிலேயே முதலாவதாக வந்தது. இருவர் 1,000 யார்டு கடந்தார்கள்.

பேட்ரிக் ரிக்கார்ட் தனி ரகம். 6 அடி 3 அங்குலம், 136 கிலோ அல்லது அதற்கும் மேல். மெய்ன் பல்கலைக்கழகத்தில் தடுப்பு முன்வரிசையில் ஆடியவர். டிராஃப்ட் ஆகாமல் 2017இல் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்து, ஆரம்பத்தில் ஒரே ஆட்டத்தில் தடுப்பிலும் தாக்குதலிலும் இறங்கினார். 2019இல் அவர் ஃபுல்பேக். குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் தானே 1,206 யார்டு ஓடினார். அணி மொத்தமாக 3,296 யார்டு எடுத்தது. கன்னிங்ஹாமின் பேட்ரியட்ஸ் 1978இல் வைத்த சாதனையை உடைத்தது இதுதான். இரண்டு சாதனைகளின்போதும் ஃபுல்பேக் 6 அடி 3 அங்குலம். 2024இல் டெரிக் ஹென்றி பால்டிமோருக்கு வந்து ரிக்கார்டுக்குப் பின்னால் 1,921 யார்டு ஓடினார்.

ரிக்கார்டின் எடையில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உடலின் அகலமும் கனமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், எடை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 5 அடி 11 அங்குலமுள்ள லொரென்ஸோ நீலை அதே வாகோடு 6 அடி 3 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் 116 கிலோ சுமார் 136 கிலோ ஆகும். ரிக்கார்ட் ஒருவிதத்தில் பெரிதாக்கப்பட்ட நீல்தான். டெவ்லினோ நீலின் எடையையே நான்கு அங்குலம் கூடுதலான சட்டகத்தில் சுமந்தவர், ஒல்லியான வகை. உயரமான ஆளுக்கு இந்த இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. குட்டையானவர் 136 கிலோவைச் சுமந்துகொண்டு வேகமாக ஓடுவது மிகக் கடினம்.

எடைக்காக ஆளை இறக்கிப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. 1985இல் சிகாகோ பயிற்சியாளர் மைக் டிட்கா, ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட 150 கிலோவைத் தாண்டிய வில்லியம் பெர்ரியைக் கோட்டருகே ஃபுல்பேக்காக நிறுத்தினார். 6 அடி 2 அங்குலமுள்ள பெர்ரி வால்டர் பேட்டனுக்கு வழி திறந்தார். தானும் பந்தை வாங்கினார். 1986 ஜனவரி சூப்பர் பவுலில் டச்டவுனும் போட்டார். அது அவ்வப்போது காட்டிய வித்தை. ரிக்கார்ட் அதைப் பருவம் முழுக்கச் செய்யும் வேலையாக மாற்றினார்.

உயரத்துக்கு வேறு ஆதாயமும் உண்டு. குவாட்டர்பேக்கைக் காக்க நிற்கும்போது நீண்ட கை எதிராளியைத் தள்ளியே வைக்கிறது. பக்கவாட்டில் ஓடிப் பந்து வாங்கும்போது பெரிய உருவம் எறிபவர் கண்ணில் எளிதில் படுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இடப் பற்றாக்குறை. ஓர் அணியின் பட்டியலில் 53 பேர்தான். மோத மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அதில் இடம் ஒதுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. ரிக்கார்ட் ஓர் ஆட்டத்தருணத்தில் ஃபுல்பேக், அடுத்ததில் டைட் எண்ட், அதற்கடுத்ததில் கூடுதல் முன்வரிசை ஆள். 5 அடி 11 அங்குல ஆளால் இந்த மூன்றையும் அப்படி மாற்றி மாற்றிச் செய்ய முடியாது.

எப்படித் தாழ்கிறார்கள்

ஜெயித்த உயரக்காரர்கள் யாரும் நிமிர்ந்து ஜெயிக்கவில்லை. பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் தாழ்வான இரும்புக் கூரை போட்ட கூண்டு ஒன்று இருக்கும். வீரர்கள் அதற்குள்ளிருந்து பாய்ந்து வெளியே வர வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். தடுப்பு முன்வரிசையிலும் டைட் எண்ட் இடத்திலும் ஆடிவிட்டு வருபவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. டெவ்லினும் ரிக்கார்டும் ஜான்சனும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது தற்செயல் அல்ல.

எங்கிருந்து மடங்குகிறார் என்பதும் முக்கியம். இடுப்புக்கு மேலே மட்டும் வளைந்தால் முதுகு படுத்துவிடும், தலை முன்னால் போகும், எதிராளி சற்று விலகினாலே குப்புற விழ நேரும். முழங்காலும் இடுப்பும் மடங்கி, முதுகு நேராகவும் கண் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். 2018இலிருந்து, தலையைத் தாழ்த்தித் தலைக்கவசத்தால் மோதலைத் தொடங்குவது லீக் விதிப்படி தவறு. உயரமானவர்களுக்கு அந்தத் தவறு செய்யும் சபலம் கூடுதல். இடுப்பில் வளைவதுதான் அவர்களுக்குச் சுலபமான குறுக்குவழி.

உடம்பு தரும் விலையும் இருக்கிறது. ஜான்ஸ்டனின் ஆட்டத்தை முடித்தது கழுத்துக் காயம், டெவ்லினுக்கும் அதுவே. இரண்டு பேரை வைத்துக்கொண்டு உயரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வாரந்தோறும் ஓடிப்போய் மோதுவது எந்த உயரத்துக் கழுத்தையும் தேய்க்கும்.

இதுவரை வந்த பெயர்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வரம்பு தெரிகிறது: முழுநேர ஃபுல்பேக்காகப் பேர் வாங்கியவர்களில் 6 அடி 3 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அதற்குமேல் ஓர் அங்குலம் கூடினால் டைட் எண்ட் சந்தை ஆளை இழுத்துக்கொள்கிறது. பிரண்டன் ஜேக்கப்ஸைப்போல் பந்தைச் சுமப்பவராக நிலைக்கும் ஓரிருவர் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே 6 அடி 4 அங்குல மாணவன் ஒருவன் ஃபுல்பேக் ஆக விரும்பினால், பயிற்சியாளர் முதலில் அவனை டைட் எண்டாக நிறுத்திப் பந்து பிடிக்கவும் மோதவும் பழக்குவதே அவனுக்கு லாபம். கூண்டுக்குள்ளிருந்து தலை இடிக்காமல் பாய்கிறான், கடைசிக் காற்பகுதியிலும் முழங்கால் மடங்குகிறது என்று தெரிந்தபின் பின்வரிசைக்கு மாற்றலாம். எல்லாப் பருவத்திலும் ஏதாவதோர் அணி, எறிவதில் சலித்து, ஓடுவதற்கு ஒரு கனமான ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது.